சூலத்திலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு

எதைக் கொடுத்தாலும் அவர் சாய்த்துப் பார்ப்பார். பால் பாக்கெட், மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, கடைக்காரன் கொடுக்கும் சில்லறை, எல்லாம் ஒன்றுதான். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம் பார்ப்பார். அப்புறம்தான் வாங்கிக்கொள்வார். ஆட்களையும் அப்படித்தான். தலையைச் சற்றுச் சாய்த்து ஒரு பார்வை. முதல் நாள் என்னையும் அப்படித்தான் பார்த்தார்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பிளாக் முனை. அங்கே புங்கமரத்தடியில் என் இஸ்திரி வண்டி. எதிர் வரிசைக் குவார்ட்டர்ஸில் அவர். மைன்ஸில் பெர்மனென்ட். நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட் ஓரமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே கிழிசல், எங்கே ஒட்டு விடுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் அவர் வேலை. அந்த வேலையால் இப்படி ஆனாரா, இப்படி இருந்ததால் அந்த வேலை கொடுத்தார்களா, எனக்குத் தெரியாது. ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து போய்விட்டார். எந்த ஊர் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெயரும் இங்கே வேண்டாம்.

முதலில் சட்டை கொண்டுவந்தபோது ஒவ்வொன்றையும் என் மேஜைமேல் விரித்தார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று போனில் படம் பிடித்தார். என் மனைவி தணலுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"என்னா சார், சட்டைக்குப் பொண்ணு பாக்கறீங்களா?"

"எரிஞ்ச இடம் முன்னாடியே இருந்துச்சுன்னு நாளைக்கு நீங்க சொன்னா?"

"சொன்னா அப்ப படத்தக் காட்டுங்க. இப்பவே எரிச்சிட்ட மாதிரி பேசினு இருக்கீங்களே."

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு படம் பிடித்தார். காலர் உள்பக்கம்.

காசு பிறகு வந்தது. ஒரு நாள் காலையில் சட்டைக்குப் பதில் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். இஸ்திரிப் பெட்டியைத் தள்ளி வைக்கச் சொன்னார். டப்பாவில் பஞ்சு. பஞ்சுக்குள் பழுப்பு நிறத்தில் அகலமான காசுகள். இங்கிலீஷ்காரர்களின் பழைய பென்னி என்றார். பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பொறுக்கியவை. ஒரு பக்கம் ராணி தலை. மறுபக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் சூலம், பக்கத்தில் கேடயம்.

"இது எந்த ஊரு அம்மனுங்க? சூலத்த வச்சிகினு குந்திகினு இருக்குது" என்றாள் என் மனைவி.

"அம்மன் இல்ல. அந்த நாட்டுக்கு அடையாளம்."

"பூசை உண்டா?"

"தொடாதே" என்றார் அவர்.

வீட்டில் வெளிச்சம் மேலேயிருந்து விழுகிறதாம். அவருக்குச் சாய்வாக விழ வேண்டுமாம். காலை வெயில் இரண்டு குவார்ட்டர்ஸுக்கு நடுவே புகுந்து என் மேஜைமேல் படுத்தாற்போல் விழும். விரிப்பும் வெள்ளை. அதனால் வந்தாராம். இரண்டு டம்ளரைக் கவிழ்த்து, குறுக்கே போனை வைத்து, நடுவில் கீழே காசை வைப்பார். ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தைக் கையில் பிடித்து நிழலை விரட்டுவார். துணிக்கு அடையாளம் கட்டும் நீல நூல் ஒன்றை என்னிடம் கேட்பார். காசுக்குப் பக்கத்தில் அதைப் போட்ட பிறகுதான் படம்.

"நூல் எதுக்கு சார்?"

"என் படத்தை எவனாவது எடுத்துத் தன்னுதுன்னு போட்டுட்டா?"

வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. படமெல்லாம் அதற்குத்தான் போகும். முகம் தெரியாத ஆட்கள். நல்ல காசை யாரும் போடுவதில்லையாம். குறையுள்ள காசு மட்டும். பெரிய குறையும் இல்லை. மயிரிழைக் கோடு, ஒரு எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பரு. அதை ஒருவர் போட, மற்றவர்கள் பெரிதாக்கிப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். இதற்கென்றே ஒரு கூட்டம்.

அவரிடம் இருந்ததில் ஒன்று அவருக்கு உயிர். சூலத்தின் முனையிலிருந்து காசின் விளிம்பு வரை மெல்லிசாய் ஒரு கோடு. ஒரு நாள் என் விரலைப் பிடித்து, நகத்தை மட்டும் அதன்மேல் ஓட்ட வைத்தார்.

"குழியா, மேடா?"

"மேடு சார்."

"கீறல்னா குழியா இருக்கும். அது அந்த ஒரு காசோட போச்சு. இது மேடு. காசு அடிக்கிற அச்சுல விரிசல் விட்டா காசுல மேடாத்தான் விழும். அந்த அச்சுல அடிச்ச அத்தனை காசுலயும் விழும்."

"அப்ப இதே மாதிரி நிறைய இருக்குங்களா?"

"இருக்கும். நான் பாத்ததில்ல."

அவர் பார்த்ததில்லை என்றால் அது இல்லை. அதுதான் அவர் கணக்கு.

பிளாக்கில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தது. அது என்ன காசு, ஏன் மரத்தடியில், வீட்டில் வைத்தால் என்ன. புதையலா என்று ஒரு அம்மாள் என்னிடம் கேட்டார். காவலுக்கு வருபவன் சைக்கிளை நிறுத்திவிட்டு, "கள்ளக்காசா?" என்றான். நானும் முழுக்க நம்பவில்லை. அவர் குனிந்திருக்கும்போது அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் வண்டியில் வைத்து அவர் என்ன செய்தாலும் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

அந்த மரத்தடியில் நிற்க எனக்கு எழுத்தில் எதுவும் கிடையாது. பிளாக்குக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லாத வரைக்கும் நிற்கலாம். அவ்வளவுதான். மந்தாரக்குப்பத்தில் நாங்கள் இருக்கும் தெருவிலேயே இஸ்திரிக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே எனக்கு இடமில்லை. இந்த மரம் போனால் வேறு மரம் இல்லை.

அவர் சம்சாரம் நல்ல அம்மாள். மாதா பக்தி. கோணாங்குப்பம் திருவிழாவுக்குப் போய் ஒரு பதக்கம் வாங்கிவந்தார். வண்டிக்குப் பக்கத்தில் நின்று அதை அவரிடம் காட்டினார். அவர் வாங்கி வெயிலில் சாய்த்தார்.

"மாதா கன்னத்துல அச்சு வழுக்கியிருக்கு."

"மந்திரிச்ச பதக்கங்க அது."

"மந்திரிக்கறதுக்கு முன்னாடியே வழுக்கியிருக்கு."

"மாதாவ மட்டும்தான் விட்டு வச்சிருந்தீங்க" என்று அம்மாள் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார். அவர் பின்னாலிருந்து, "எத்தனை பேரு வாங்கினாங்க? எல்லாத்துலயும் இருக்கான்னு பாத்தியா?" என்று கேட்டார். அதில் நக்கல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு.

நல்லதும் உண்டு. ஒரு நாள் படம் பிடித்து முடித்துவிட்டு என் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். கைப்பிடிக்குக் கீழே நகத்தை ஓட்டினார். "ஆணி விட்டுக்கிட்டு வருது. தணல் கால்ல கொட்டும்" என்றார். நான் வருஷக்கணக்காகப் பிடிக்கும் பெட்டி. எனக்குத் தெரியவில்லை. பட்டறையில் கொடுத்தபோது, இன்னும் கொஞ்ச நாளில் கழன்றிருக்கும் என்றான். அவரிடம் போய்ச் சொன்னேன். "பட்டறைக்காரன் புது ஆணி போட்டானா, பழசையே முறுக்கிட்டானா?" என்று கேட்டார்.

காசு காணாமல் போனது ஒரு மழைக்கு முந்தின காலை. சூலக் கோடு போட்ட காசுதான். மேஜைமேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. மைன்ஸில் பெல்ட் கிழிந்துவிட்டது, உடனே வா என்றார்கள். வாரிக்கொண்டு ஓடினார். சாயங்காலம் அந்தச் சட்டையை அம்மாள் துவைத்துப் போட்டார். மறுநாள் அது என்னிடம் இஸ்திரிக்கு வந்தது.

பைகளில் வருவதை நான் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். பேனா, பஸ் டிக்கெட், மாத்திரை, ஜெபமாலை. கேட்டால் எடுத்துக்கொள்ளலாம். எல்லா வீட்டுக்கும் இது தெரியும்.

அவர் வந்தார். "டப்பாவைக் காட்டு."

காட்டினேன். விரிப்பின்மேல் கவிழ்த்துக் கொட்டினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேனா மூடியைக்கூடத் திறந்து பார்த்தார். காசு இல்லை.

"சட்டைப் பையிலதான் வச்சேன்."

"என் கைக்கு வரலீங்க."

தலையைச் சாய்த்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை. திருடன் என்று சொல்லவில்லை. "சரி" என்றார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுத் துணி வரவில்லை. பக்கத்து வீட்டுத் துணி நின்றது. அப்புறம் அந்த வரிசை முழுக்க. யாரும் எதுவும் சொல்லவில்லை. வழியில் பார்த்தால், "ஊருக்குப் போறோம்ப்பா, வந்து தர்றோம்" என்றார்கள். அவர்கள் வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மரத்தடியில் கரி எரிந்து வீணானது.

பிளாக்குக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் செயலாளர் ஸ்கூட்டரை நிறுத்திச் சொன்னார்.

"ஒண்ணுமில்லப்பா. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேசி முடிச்சிடலாம். வண்டி அங்க வேணாம்னு ஒரு பேச்சு இருக்கு."

"யாரு சார் சொன்னது?"

"யாரும் சொல்லல. பேச்சு இருக்கு."

என் மனைவிக்கு ஆத்திரம். "அந்தாளு வூட்டு வாசல்ல போயி நின்னு நாலு வார்த்த கேளு" என்றாள். நான் போகவில்லை. போனால் என்ன கேட்பது? அவர் எதுவும் சொல்லவில்லையே.

கூட்டத்துக்கு முன்னால் அவரே வந்தார். கூடச் செயலாளர். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். குழுவில் யாரோ போட்ட படம். அதே பென்னி. சூலத்திலிருந்து விளிம்புக்குக் கோடு.

"பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"குறிஞ்சிப்பாடியில ஒரு பழைய பாத்திரக் கடைக்காரன் போட்டிருக்கான். உனக்குத் தெரிஞ்ச கடையா?"

"தெரியாது சார்."

"வா, போவோம்."

போனேன். போகாவிட்டால் அதுவே பதிலாகிவிடும். பஸ்ஸில் என்னை முன்னால் உட்கார வைத்து எனக்கு நேர் பின்னால் அவர் உட்கார்ந்தார். நிறுத்தம் வரும்போதெல்லாம் என் பிடரியில் அவர் மூச்சு பட்டது. செயலாளர் ஜன்னலோரம் கடலை தின்றுகொண்டு வந்தார்.

கடைக்காரர் இளவயசு. பித்தளைக் குடங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். காசைக் கேட்டதும் எடுத்து வைத்தார்.

"இது எங்கேருந்து வந்தது?" என்றார் அவர்.

"நெசவுத் தெருவுல ஒரு வூட்ட இடிச்சாங்க. சொம்பு, குத்துவெளக்கோட சேந்து வந்துச்சிங்க. கொழும்புக்குப் போயி வந்தவங்க வூடு."

"எப்ப?"

"பொங்கலுக்கு முன்ன இருக்கும்."

"பொங்கலுக்கு முன்னாடி வந்ததை இப்ப ஏன் படம் போடற?"

"இப்பத்தான் போன் வாங்குனேன்."

"இவரைத் தெரியுமா?" என்னைக் காட்டினார்.

"யாருன்னே தெரியலீங்க."

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாரு."

கடைக்காரர் எழுந்துவிட்டார். "ஏன் சார், காசு பாக்க வந்தீங்களா, கேசு போட வந்தீங்களா? இது உன்னுதுன்னு எப்படிச் சொல்ற?"

"இந்தக் கோடு. இதைக் கண்டுபிடிச்சதே நான்."

அந்த அச்சில் அடித்த அத்தனை காசிலும் விழும் என்று என் நகத்தைப் பிடித்துச் சொன்ன அதே வாய். அவருக்கு அது அப்போது ஞாபகமில்லை. அவர் பொருள் போய்விட்டது. அது மட்டும்தான் மனசில் இருந்தது.

நிரூபிப்பதற்காகப் போனில் தன் பழைய படத்தைத் திறந்தார். பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்தார். படத்தைப் பார்த்தார். காசைப் பார்த்தார். மறுபடி படம். மறுபடி காசு. செயலாளர் கடலையை நிறுத்தினார்.

அவர் முகம் மாறியது. வெட்கமில்லை. சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"கிளை விட்டிருக்கு" என்றார்.

"என்ன சார்?" என்றார் செயலாளர்.

"என்னுதுல கோடு ஒத்தை. நேரா போய் விளிம்புல முடிஞ்சிடும். இதுல பாதி வழியில ரெண்டா பிரியுது. பாருங்க, ஒண்ணு எழுத்து மேல ஏறுது. அச்சுல இருக்கிற விரிசல் அடிக்க அடிக்க வளரும். காசுல இருக்கிற கோடு வளராது. என்னுது முன்னாடி அடிச்சது. இது பின்னாடி அடிச்சது. ஒரே அச்சு!"

"அப்ப இது உங்களுது இல்ல?"

"இல்ல, இல்ல. இது வேற."

என்னிடம் திரும்பினார். நான் ஏதோ சொல்லப் போகிறார் என்று நின்றேன்.

"உன் துண்டைக் கொடு" என்றார்.

கொடுத்தேன். வாசலில் வெயில் விழும் இடத்தில் என்னைப் பிடிக்கச் சொல்லி விரித்தார். அதன்மேல் காசை வைத்துப் படம் பிடித்தார். நான் ஆடாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"ஆளப் புடிக்க வந்தவரு காசப் புடிச்சினு நிக்கறாரே" என்றார் கடைக்காரர்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு படத்தையும் சேர்த்துக் குழுவில் போட்டுக்கொண்டிருந்தார். பதில் வந்துகொண்டே இருந்தது. நான் வடலூர் வரைக்கும் பொறுத்திருந்து கேட்டேன்.

"சார், பிளாக்குல சொல்லிடுங்க."

"என்னன்னு?"

"நான் எடுக்கலன்னு."

போனிலிருந்து தலை நிமிர்த்தினார். "இது என் காசு இல்லன்னுதான் தெரிஞ்சுது. நீ எடுக்கலன்னு எப்படித் தெரியும்?"

"அப்ப அது எங்க சார்?" என்றார் செயலாளர், இடையில் புகுந்து.

"அதான் தெரியலயே."

"பெல்ட்டுல விழுந்திருக்கும். அப்படியே கரியோட போயி எரிஞ்சு இந்நேரம் கரண்டா ஆகியிருக்கும். யார் வூட்டு ஃபேன்லயோ சுத்துது உங்க ராணி" என்று செயலாளர் சிரித்தார்.

அவர் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நெய்வேலி வரும் வரைக்கும் போனைத் தொடவில்லை. அந்தக் காசு கடைசிவரை கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பூங்காவில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் ஓரமாக நின்றேன். என் மனைவியை வரவேண்டாம் என்றிருந்தேன். குறிஞ்சிப்பாடி போன கதை அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

"அந்தக் காசு இல்லன்னா வேற எங்கயாவது போயிருக்கும்" என்றார் ஒருவர்.

"எங்க வீட்டுச் சட்டையில ஒரு தடவை பட்டன் காணல" என்றார் ஒரு அம்மாள்.

"ஆள் மேல குத்தம் சொல்லல. சந்தேகம்னு வந்துட்டா அப்புறம் வேணாமே."

செயலாளர் அவரைப் பார்த்தார். "சார், உங்க பொருள். நீங்க சொல்லுங்க."

அவர் எழுந்தார். கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சட்டைப் பையில வச்சேன்னு சொன்னேன். வச்சத நான் பாத்தேனா? பாக்கல. போன் வந்துச்சு, ஓடினேன். கை எதையோ எடுத்து எங்கயோ வச்சுது. நான் கைய பாக்கல. அப்புறம் உக்காந்து யோசிச்சு, பையிலதான் வச்சிருப்பேன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன்."

யாரோ இருமினார்கள்.

"குறிஞ்சிப்பாடியில கண்ணால பாத்தே என்னுதுன்னு சொன்னேன். என்னுது இல்ல. ஒரு அச்சுல நிறைய காசு விழும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன். அதனால இந்த விஷயத்துல என் பேச்சை வச்சு நீங்க எதுவும் முடிவு பண்ணாதீங்க. நானே அதை நம்பல."

உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப வண்டி?" என்றார் செயலாளர்.

"என் பேச்சைத் தவிர அவர் மேல வேற என்ன இருக்கு? நிக்கட்டும்."

பட்டன் அம்மாள் மட்டும் முணுமுணுத்தார். செயலாளர் தாளைத் திருப்பி, "அடுத்து தண்ணி" என்றார். மேல்நிலைத் தொட்டி கழுவுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

நான் அவர் நாற்காலிப் பக்கம் போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தேன். கேட் தாண்டுவதற்குள் பின்னாலேயே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, நில்லு."

நின்றேன்.

"உன்னை நம்பறேன்னு நான் அங்க சொல்லல."

"தெரியும் சார்."

"நீ எடுத்திருக்கவும் வழி இருக்கு."

"இருக்கு சார்."

தலையைச் சாய்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என்னிடம் என்ன தேடினாரோ, அது கிடைத்த மாதிரி தெரியவில்லை.

"அப்புறம் எதுக்குக் கும்பிட்ட?"

"வண்டி நிக்குதே சார்."